இரைச்சலும் ஒரு சாட்சி: ஆர். ஸ்டீவி மூரின் ‘ஃபோனோகிராஃபி’

1

‘தரம்’ என்கிற சொல் எந்த இடத்திலிருந்து பேசுகிறது என்று நாம் சாதாரணமாகக் கேட்பதில்லை. அச்சு தெளிவாக இல்லை, நடை ஒரே சீராக இல்லை, ஒலி சுத்தமாக இல்லை என்று ஒருவர் குறை சொல்லும்போது, தெளிவான அச்சும் சீரான நடையும் சுத்தமான ஒலியும் தாமாகவே கிடைத்துவிடுகிற பொருட்கள் போலவும், அவை இல்லாமற்போனது செய்தவனுடைய சோம்பல் அல்லது திறமைக்குறைவு என்பது போலவும் ஒரு தொனி வந்துவிடுகிறது. அந்தச் சுத்தம் யார் போட்ட முதலில், எத்தனை பேர் உழைப்பில், என்னென்ன கட்டுப்பாடுகளுக்கு உட்பட்டு உற்பத்தியாகிறது என்கிற கேள்வி அந்தச் சொல்லுக்குள்ளேயே புதைந்துபோகிறது.

இந்தக் கேள்வியைத் தோண்டி எடுக்க எனக்கு உதவியது ஓர் அமெரிக்க இசைத்தட்டு. ஆர். ஸ்டீவி மூர் என்பவர் வீட்டிலேயே, பெரும்பாலான வாத்தியங்களைத் தானே வாசித்து, தானே பாடி, தானே பதிவு செய்த பாட்டுகளின் தொகுப்பு. பெயர் ‘ஃபோனோகிராஃபி’. 1976இல் வெளிவந்தது. அச்சானவை 100 தட்டுகள். நம்மில் பத்திரிகை நடத்துகிறவர்களுக்கு இந்த எண்ணிக்கை ரொம்பவும் அந்நியமானதல்ல. இன்று ‘லோ-ஃபை’ என்று தனி வகைமையாகவே பேசப்படுகிற இசைக்கு முன்னோடிகளில் ஒன்றாக அந்தத் தட்டு மதிக்கப்படுகிறது.

அந்த மரியாதையில் எனக்கு ஒரு சின்னத் தகராறு உண்டு. லோ-ஃபை என்பதை ஒரு ஒலிச்சுவையாக, நாக்குக்குப் பழக்கப்படுத்திக்கொள்ள வேண்டிய ஒரு கசப்பாக எடுத்துக்கொண்டால், இந்த ஆல்பத்தில் நடந்த காரியத்தைத் தவறவிட்டுவிடுவோம். நான் அதை ஓர் உற்பத்தி உறவாகப் பார்க்கிறேன். அப்படிப் பார்க்கும்போதுதான் அதில் கேட்கிற நாடா இரைச்சலும், பாட்டுக்குப் பாட்டு சட்டை மாற்றிக்கொள்வதுபோல மாறுகிற பாணிகளும் ஒரே வேரிலிருந்து வந்தவை என்பது பிடிபடுகிறது.

2

முதலில் சொல்லைப் பார்த்துவிடுவோம். ‘ஹை-ஃபை’ என்பதிலுள்ள ‘ஃபிடெலிட்டி’க்கு விசுவாசம் என்று பொருள். கற்பு என்றுகூடச் சொல்லலாம். இரண்டாம் உலகப் போருக்குப் பிறகு, வசதியான அமெரிக்க வீட்டுக் கூடங்களுக்கு ஆம்ப்ளிஃபயரும் ஸ்பீக்கரும் விற்ற வணிகம் அந்தச் சொல்லைப் பரப்பியது. அரங்கத்தில் நிகழ்ந்த ஓசைக்கு உங்கள் வீட்டுக் கருவி விசுவாசமாக இருக்கும் என்பது அது தந்த வாக்கு.

சரி, விசுவாசம் காட்டுவதற்கு மூலம் என்று ஒன்று இருக்க வேண்டுமல்லவா? 1970களின் நடுவில் பெரிய ஸ்டுடியோக்களில் 16 தடம், 24 தடம் கொண்ட நாடா இயந்திரங்கள் வந்துவிட்டிருந்தன. தாளத்தை ஒரு நாள் பதிவு செய்யலாம், கிட்டாரை இன்னொரு நாள், வயலின்களை வேறொரு ஊரில், குரலை எல்லாவற்றுக்கும் கடைசியில். இப்படித் துண்டுதுண்டாகச் சேர்த்த ஒரு பாட்டைக் கேட்கும்போது, ஏதோ ஓர் அறையில் எல்லோரும் ஒன்றாக உட்கார்ந்து வாசித்த மாதிரி நமக்குத் தோன்றுகிறது. அந்த நிகழ்ச்சி எங்கேயும் நிகழவில்லை. மூலமில்லாத பிரதி அது. அப்படியானால் ‘சுத்தமான ஒலி’ என்று நாம் கொண்டாடுவது ஒட்டுப்போட்ட தையல்கள் தெரியாமல் அழிக்கப்பட்ட ஒலியைத்தான். உழைப்பின் தடயத்தை அழிப்பதற்கே தனியாக உழைப்பு தேவைப்படுகிறது. அதற்குப் பணமும் தேவைப்படுகிறது.

எதிர்ச்சொல்லான ‘லோ-ஃபை’ வந்த வழி வேறு. கனடாவின் இசையமைப்பாளர் மர்ரே ஷேஃபர் 1977இல் வெளியான தம் நூலில் அதைச் சுற்றுச்சூழல் சார்ந்த அர்த்தத்தில் பயன்படுத்தினார். ஒவ்வோர் ஓசையும் தனித்தனியாகக் காதில் விழுகிற கிராமப்புறம் அவருக்கு ஹை-ஃபை. ஓசைகள் ஒன்றின்மேல் ஒன்று ஏறி நெரிகிற தொழில்நகரம் லோ-ஃபை. அதாவது அந்தச் சொல் அவரிடத்தில் ஒரு நோயின் பெயர். பிறகு 1986இல், நியூ ஜெர்சியின் டபிள்யூ.எஃப்.எம்.யூ. வானொலியில் வில்லியம் பெர்கர் என்கிற அறிவிப்பாளர், வீட்டில் பதிவு செய்யப்பட்ட இசைக்கென்றே நடத்திய நிகழ்ச்சிக்கு அந்தப் பெயரை வைத்தார். பழிச்சொல் பெருமைச்சொல்லாகத் திரும்பியதில் அந்த நிகழ்ச்சிக்கும் பங்கு உண்டு.

இந்த ஆண்டுக்கணக்கை நான் சும்மா சொல்லவில்லை. மூர் பாட்டுகளைப் பதிவு செய்தது 1974 முதல் 1976 வரை. ‘லோ-ஃபை இசை’ என்று ஒன்றைச் செய்ய வேண்டும் என்று அவர் நினைத்திருக்க வழியே இல்லை. அப்படி ஒரு பெயர் அன்றைக்குக் கிடையாது. கையிலிருந்த சாதனத்தில் எவ்வளவு நன்றாக முடியுமோ அவ்வளவு நன்றாகச் செய்தார், அவ்வளவுதான். இரைச்சல் அவருடைய கொள்கையல்ல. அது அவருக்கு வாய்த்த நிலைமை.

3

அந்த நிலைமை எங்கே வாய்த்தது என்பதில்தான் சுவாரஸ்யம். மூர் 1952இல் பிறந்தது டென்னஸ்ஸி மாநிலத்தின் நாஷ்வில் நகரில், அமெரிக்காவின் கன்ட்ரி இசைக்குத் தலைநகரம் என்று சொல்லப்படுகிற ஊரில். தகப்பனார் பாப் மூர், டபுள் பேஸ் வாசிப்பவர். ‘ஏ-டீம்’ என்று அழைக்கப்பட்ட, ஸ்டுடியோ ஸ்டுடியோவாகப் போய் வாசித்த தேர்ந்த வாத்தியக்காரர்கள் குழுவில் முக்கியமான ஆள். எல்விஸ் பிரெஸ்லி, பாட்ஸி க்ளைன், ராய் ஆர்பிசன் என்று அந்தக் காலத்துப் பெரிய குரல்கள் பலவற்றுக்கும் பின்னால் அவருடைய தந்தி அதிர்ந்திருக்கிறது. 1961இல் ‘மெக்சிகோ’ என்ற வாத்திய இசைத்தட்டு அவருடைய பெயரிலேயே வெற்றிபெற்றது. 2021இல் காலமானார். மகனும் ஏழு வயதிலேயே ஜிம் ரீவ்ஸுடன் சேர்ந்து ஒரு பாட்டில் குரல் கொடுத்தவர். ஆக, ஸ்டுடியோவை எட்டி நின்று ஏக்கத்தோடு பார்த்த பையன் அல்ல இவர். ஸ்டுடியோ அவருக்கு அப்பாவின் வேலைக்களம்.

அந்த வேலைக்களம் எப்படி இயங்கியது என்று கொஞ்சம் விளக்க வேண்டும். ஒரு ‘செஷன்’ என்பது மூன்று மணி நேரம், சங்க விதிப்படி. அதற்குள் மூன்று நான்கு பாட்டுகள் முடிய வேண்டும். வாசிக்கிறவர்கள் பெரும்பாலும் அந்தப் பாட்டை அப்போதுதான் முதல்முறை கேட்கிறார்கள். சுரக்குறிப்பு எழுதி நேரத்தைக் கழிக்க முடியாது. அதற்காகத்தான் 1950களின் கடைசியில் ஜோர்டனேர்ஸ் குழுவின் நீல் மாத்யூஸ் ஓர் எண்முறையை உண்டாக்கினார். ஒவ்வொரு கார்டுக்கும் ஒரு எண். பாடகரின் தொண்டை அன்றைக்குக் கட்டியிருந்தால் சுருதியை இறக்கிக்கொள்ளலாம், தாளில் உள்ள எண்களை மாற்ற வேண்டியதில்லை. பின்னால் சார்லி மெக்காய் போன்றவர்கள் அதை விரிவாக்கிப் பரப்பினார்கள். ‘நாஷ்வில் எண்முறை’ என்று அது இன்றும் புழக்கத்தில் இருக்கிறது.

இதை ஏளனமாகச் சொல்கிறேன் என்று யாரும் நினைக்க வேண்டாம். உழைப்பாளிகள் தங்கள் வேலையை எளிதாக்கிக்கொள்ளக் கண்டுபிடித்த அழகான கருவி அது. அவர்களுக்குச் சங்கம் இருந்தது, கூலி இருந்தது, கைத்திறன் மேல் கர்வம் இருந்தது. ஆனால் தட்டின் உறையில் அவர்களுடைய பெயர் அச்சாவது அபூர்வம். எந்தப் பாட்டு, எந்தப் பாணி, எது முடிந்தது, எது முடியவில்லை என்று தீர்மானிக்கிற உரிமையும் அவர்களிடம் இல்லை. தயாரிப்பாளர் தலையசைத்தால் முடிந்தது. ‘நாஷ்வில் ஒலி’ என்று சந்தை அறிந்த அந்த மிருதுவான, மூலைமடிப்பில்லாத சுத்தம் இந்த ஒழுங்கின் விளைபொருள்.

அப்பாவின் தொழில் நடந்த அதே வட்டாரத்தில், நாஷ்வில்லை ஒட்டிய மேடிசன் என்ற இடத்து வீட்டில், மகன் தனியாக உட்கார்ந்து தனக்குத்தானே ‘செஷன்’ வாசித்துக்கொண்டிருந்தார். எண்முறை தேவையில்லை, ஏனென்றால் சொல்லித்தர வேண்டிய இன்னொருவர் இல்லை. மூன்று மணி நேரக் கெடு இல்லை. கூலியும் இல்லை.

4

மூரிடம் இருந்தவை வீட்டு உபயோகத்துக்கான ஸ்பூல் டேப்ரிக்கார்டர்கள். பல தடங்களைத் தனித்தனியே வைத்துக்கொண்டு பிறகு சமன்செய்கிற வசதி அவற்றில் கிடையாது. ஒலிக்கு மேல் ஒலியாக அடுக்குவதுதான் வழி. முதல் இயந்திரத்தில் தாளத்தைப் பதிய வேண்டும். அதை ஓடவிட்டு, கூடவே கிட்டாரை வாசித்து, இரண்டையும் சேர்த்து இரண்டாவது இயந்திரத்தில் பதிய வேண்டும். பிறகு அதை ஓடவிட்டுக் குரலைச் சேர்த்து மறுபடி முதல் இயந்திரத்துக்குக் கொண்டுவர வேண்டும். இப்படி இங்கும் அங்குமாக எத்தனை முறை வேண்டுமானாலும்.

இதில் இரண்டு விஷயங்கள் நடக்கின்றன. ஒன்று, இரைச்சல் பெருகுகிறது. காந்த நாடா எதுவானாலும் அதற்கே உரிய ‘உஸ்’ என்கிற சத்தம் உண்டு. நாடாவிலிருந்து நாடாவுக்கு நகல் எடுக்கும்போது பழைய நாடாவின் சத்தமும் புதிய நாடாவின் சத்தமும் சேர்ந்துகொள்கின்றன. ஒரே மாதிரியான இரண்டு நாடாக்கள் என்றால், முதல் நகலிலேயே இரைச்சலின் சக்தி இரட்டிப்பாகிறது. டெசிபல் கணக்கில் சுமார் 3. அடுத்தடுத்த நகல்களில் இன்னும் ஏறுகிறது. அதோடு மேல்ஸ்தாயி ஓசைகளின் கூர்மை மழுங்கிக்கொண்டே வருகிறது.

இரண்டாவது விஷயம் இன்னும் முக்கியமானது. ஒருமுறை சேர்த்ததைப் பிரிக்க முடியாது. கிட்டார் சத்தம் கொஞ்சம் தூக்கலாகிவிட்டது என்று நான்கு அடுக்கு தாண்டித் தெரிந்தால் ஒன்றும் செய்வதற்கில்லை. முதலிலிருந்து தொடங்கலாம், அல்லது அதையே பாட்டாக ஏற்றுக்கொள்ளலாம். 24 தட ஸ்டுடியோ தீர்மானங்களைத் தள்ளிப்போட அனுமதிக்கிறது. ‘அப்புறம் கலக்கும்போது பார்த்துக்கொள்ளலாம்’ என்று சொல்ல முடிகிறது. இந்த வீட்டுமுறையில் அப்புறம் என்பதே கிடையாது. ஒவ்வோர் அடுக்கும் இறுதித் தீர்ப்பு.

இதைத் தெரிந்துகொண்டு கேட்டால், அதுவரை குறையாகக் கேட்டது வேறாகக் கேட்கத் தொடங்குகிறது. முதலில் பதிந்த வாத்தியம் அதிக நகல்களைக் கடந்து வந்திருப்பதால் மங்கி, சற்றே தூரத்தில் நிற்கும். கடைசியில் சேர்த்தது பக்கத்தில், பளிச்சென்று நிற்கும். மரத்தை அறுத்தால் வளையங்கள் தெரிகிற மாதிரி, வேலை நடந்த வரிசை ஒலிக்குள்ளேயே பதிந்துகிடக்கிறது. ஸ்டுடியோவில் அழிக்கப்படுகிற காலம் இங்கே அழியாமல் நிற்கிறது. ரொலான் பார்த் 1972இல் எழுதிய கட்டுரையில் குரலின் ‘துகள்தன்மை’ பற்றிப் பேசினார். பாடுகிற உடம்பு பாட்டில் விட்டுச்செல்கிற சொரசொரப்பு என்று அதை வைத்துக்கொள்ளலாம். நான் அதை வேலைக்கும் நீட்டிப் பார்க்கிறேன். குரலுக்கு ஒரு சொரசொரப்பு இருப்பதுபோல உழைப்புக்கும் ஒன்று உண்டு. இந்தத் தட்டில் அந்த ‘உஸ்’ சத்தம் அதுதான். எத்தனை முறை, எந்த வரிசையில், எத்தனை கைகளால் என்று அது சாட்சி சொல்கிறது. இங்கே பெரும்பாலும் ஒரே ஜோடிக் கைகள்.

5

இனி பாணிகளின் பன்மைக்கு வருகிறேன். ‘ஃபோனோகிராஃபி’யை முதல்முறை கேட்கிறவர் தடுமாறுவது இரைச்சலால் மட்டுமல்ல. குரலே இல்லாத ஒரு வாத்திய இசையில் தொடங்குகிறது. அடுத்து ஒரு பேச்சுத் துணுக்கு. அதன் தலைப்பு ‘கலைஞனைப் பற்றிய விளக்கம்’. அதற்குப் பிறகு பியானோவோடு ஒரு பாப் பாட்டு. அதையடுத்து ‘கேட்பவனைப் பற்றிய விளக்கம்’. பீட்டில்ஸையும் பீச் பாய்ஸையும் ஊறக் கேட்ட ஒருவரின் மெட்டுகள், வானொலி நிகழ்ச்சிகளைப் பரிகசிக்கிற நகைச்சுவை, எல்லா அமெரிக்க வீடுகளிலும் ஒலித்த ‘ஆண்டி கிரிஃபித் ஷோ’ என்கிற தொலைக்காட்சித் தொடரின் முகப்பிசை, காதல் பாட்டு, நாஷ்வில்லை நோக்கிய கிண்டல் என்று போகிறது. ஒரு ஆள் செய்த ஆல்பம் என்பதைவிட, ஒரு ஆள் இரவெல்லாம் வானொலி முள்ளைத் திருகிக்கொண்டே போன மாதிரி இருக்கிறது.

இதைப் பார்த்ததும் ‘பின்நவீனத்துவக் கதம்பம்’ என்று முத்திரை குத்திப் பாராட்டிவிட்டுப் போவது எளிது. நான் அந்த எளிய வழியை எடுக்க விரும்பவில்லை. பன்மை என்பது தன்னளவில் ஒரு விடுதலையல்ல. பல்பொருள் அங்காடியிலும் பன்மை இருக்கிறது. யாருடைய பன்மை, எதை எதிர்த்து என்று கேட்க வேண்டும்.

வகைமை என்பது முதலில் கடையிலுள்ள ஓர் அலமாரி. கன்ட்ரி, ராக், ஜாஸ் என்று எழுதிய அட்டைக்குக் கீழே தட்டு நிற்க வேண்டும். எந்த வானொலிக்கு அனுப்புவது, எந்தப் பத்திரிகையில் விளம்பரம் கொடுப்பது என்பதெல்லாம் அலமாரியைப் பொறுத்தது. அடோர்னோ 1941இல் வெகுஜன இசை பற்றி எழுதியபோது சுட்டிக்காட்டியதும் இந்தப் பக்கத்தைத்தான். அடிப்படை வார்ப்பு ஒன்றாகவே இருக்கும், மேலே தனித்தன்மை போன்ற ஒரு பூச்சு இருக்கும். பூச்சு பாடகருக்குப் பாடகர் மாறலாம், ஆனால் ஒரு பாடகருக்குள் மாறக் கூடாது. ஏனென்றால் அந்தப் பூச்சுதான் அவருடைய வணிகச் சின்னம். அடோர்னோவுக்கு வெகுஜன இசைமேல் இருந்த மொத்த வெறுப்பை நான் ஏற்கவில்லை. மூரின் மெட்டுகளே அந்த வெகுஜன இசைமேல் வைத்த காதலிலிருந்து வந்தவைதான். ஆனால் அலமாரி பற்றிய அவருடைய சந்தேகம் செல்லுபடியாகிறது.

மூருக்கு அலமாரி இல்லை. யாரும் அவரைக் காசு போட்டு ஓர் அட்டைக்குக் கீழே நிறுத்தவில்லை. ஆகவே தான் கேட்டு வளர்ந்த எல்லாவற்றையும் ஒரே வீட்டுக்குள் குடியமர்த்த முடிந்தது. நாம் எல்லோரும் உண்மையில் அப்படித்தானே கேட்கிறோம்? காலையில் பக்திப் பாட்டு, பஸ்ஸில் சினிமாப் பாட்டு, இரவில் வேறென்னவோ. ஒரே வகைமையைக் கேட்டு வாழ்கிற காது எங்கேயும் இல்லை. கேட்பவரின் பன்மை விற்பவரின் அலமாரியில்தான் துண்டாகிறது. இந்த ஆல்பம் கேட்பவரின் இடத்திலிருந்து செய்யப்பட்ட இசை. கலைஞனை விளக்கிய கையோடு கேட்பவனையும் விளக்கத் தலைப்பு வைத்தது தற்செயலாக எனக்குப் படவில்லை.

அப்படியானால் இதை ஒன்றாகக் கட்டிவைப்பது எது? பாணி இல்லை. அந்த இரைச்சல்தான். எல்லாப் பாட்டுக்கும் அடியில் அதே அறை, அதே இயந்திரம், அதே ‘உஸ்’. சாதாரணமாகப் பாணி ஒற்றுமையைத் தரும், பொருள்வகைச் சாதனம் கண்ணில் படாமல் ஒளிந்திருக்கும். இங்கே சாதனம் ஒற்றுமையைத் தருகிறது, பாணி அலைந்து திரிகிறது. முன்னே சொன்ன ஒரே வேர் இதுதான். அலமாரியும் கெடுவும் தயாரிப்பாளரும் இல்லாத உற்பத்தியில் சுத்தம் செய்ய ஆளில்லை, பாணியைக் கட்டிப்போடவும் ஆளில்லை.

தலைப்பையும் கவனியுங்கள். ‘ஃபோனோகிராஃபி’ என்றால் ஒலியால் எழுதுதல். எடிசன் 1877இல் ஃபோனோகிராஃபைக் கண்டுபிடிப்பதற்கு வெகு முன்னாலேயே, ஐசக் பிட்மன் தம் சுருக்கெழுத்து முறைக்கு வைத்த பெயர் அது. நம் ஊர்த் தட்டச்சுப் பயிலகங்களில் தலைமுறை தலைமுறையாகச் சொல்லிக்கொடுக்கப்பட்ட அதே பிட்மன் சுருக்கெழுத்துதான். சுருக்கெழுத்து அழகுக்காக எழுதப்படுவதில்லை. சொல் தப்பிப்போவதற்கு முன் பிடித்துவைப்பதற்காக எழுதப்படுவது. மூரின் ஒலிப்பதிவுக்கும் அந்த அவசரம் உண்டு.

6

இங்கே ஒரு மறுப்பு வரும். வீட்டில் தனியாகப் பதிவு செய்தவர் மூர் ஒருவர்தானா? இல்லை. பால் மெக்கார்ட்னி 1970இல் வெளியிட்ட முதல் தனி ஆல்பத்தின் பெரும்பகுதியை லண்டனில் தம் வீட்டில் நான்கு தட இயந்திரத்தில் தானே வாசித்துப் பதிந்தார். புரூஸ் ஸ்பிரிங்ஸ்டீன் 1982 ஜனவரியில் நியூ ஜெர்சி வீட்டில், கேசட்டில் நான்கு தடம் பதியும் டீயாக் ‘போர்ட்டாஸ்டுடியோ’வில் சில பாட்டுகளை மாதிரிக்காகப் பதிந்தார். 1979இல் சந்தைக்கு வந்த அந்தச் சின்னக் கருவி, மூர் இரண்டு இயந்திரங்களுக்கு நடுவே பட்ட பாட்டை ஒரே பெட்டிக்குள் அடக்கியது. பிறகு ஸ்பிரிங்ஸ்டீன் தன் இசைக்குழுவோடு ஸ்டுடியோவில் அதே பாட்டுகளை முயன்று பார்த்தார், திருப்தி இல்லை. கடைசியில் அந்தக் கேசட்டே ‘நெப்ராஸ்கா’ என்ற ஆல்பமாக அதே ஆண்டு செப்டம்பரில் கொலம்பியா நிறுவனத்திடமிருந்து வந்தது. அருமையான ஆல்பம். வேலையிழந்தவர்களையும் குற்றவாளிகளையும் அமெரிக்கா மறக்க விரும்பிய நேரத்தில் நினைவுபடுத்திய ஆல்பம். அதைக் குறைத்துப் பேச எனக்கு எந்த ஆசையும் இல்லை.

ஆனால் இரண்டு இரைச்சல்களும் ஒன்றல்ல. ஸ்பிரிங்ஸ்டீனுக்குச் சுத்தமான ஒலி கைக்கெட்டும் தூரத்தில் இருந்தது. அதை வேண்டாம் என்று சொல்ல அவரால் முடிந்தது. அவருடைய இரைச்சல் ஒரு தேர்வு. அந்தத் தேர்வை உலகமெங்கும் கொண்டுபோய்ச் சேர்க்க ஒரு பெரிய கம்பெனி இருந்தது. மூரின் இரைச்சல் தேர்வுக்கு முந்தையது. காதில் விழுவது ஏறக்குறைய ஒரே மாதிரி இருக்கலாம். பின்னால் நிற்கிற உறவுகள் வேறு.

பிற்காலத்தில் நடந்தது இந்த வித்தியாசத்தை மேலும் தெளிவாக்குகிறது. இன்று கணினியில் பதிவு செய்கிறவர்களுக்கு நாடா இரைச்சல், தட்டில் முள் கீறும் சத்தம், இயந்திரத்தின் தள்ளாட்டம் எல்லாம் தனித்தனி மென்பொருளாக விலைக்குக் கிடைக்கின்றன. எந்த இரைச்சலும் இல்லாமல் பதிந்துவிட்டு, பிறகு காசு கொடுத்து அழுக்கைத் தடவிக்கொள்ளலாம். ஏழ்மையின் ஒலி, ஏழ்மை இல்லாமல். சாட்சியை விலைக்கு வாங்குவது என்பது இதுதான்.

7

மூரைத் தியாகியாக்கி மாலை போடுவது என் நோக்கமல்ல. அவருடைய சுதந்திரத்துக்கும் ஒரு பொருளாதாரம் உண்டு. வாத்தியங்களும் இயந்திரங்களும் நிறைந்த சூழலில், இசையையே தொழிலாகக் கொண்ட ஒரு வெள்ளை அமெரிக்கக் குடும்பத்தில் அவர் பிறந்திருந்தார். ‘ஃபோனோகிராஃபி’ தட்டாக வெளிவந்ததே ஹாரி பால்மர் என்கிற மாமா முறை உறவினரின் முயற்சியால்தான். ‘வைட்டல் ரெக்கார்ட்ஸ்’ என்பது அதற்காக வைத்த பெயர். 1978இல் மறுபதிப்பு வந்ததும் அவர் வழியாகவே. உறவினர் இல்லாதவரின் நாடா பெட்டிக்குள்ளேயே கிடக்கும். இதையும் சேர்த்துத்தான் கணக்குப் பார்க்க வேண்டும்.

1978இல் மூர் நியூ ஜெர்சிக்குக் குடிபெயர்ந்தார். இசைத்தட்டுக் கடையில் வேலை பார்த்தார். 1982இல் ‘ஆர். ஸ்டீவி மூர் கேசட் கிளப்’ என்று ஒன்றைத் தொடங்கினார். தபாலில் கேட்டு எழுதினால், வீட்டிலேயே கேசட்டில் நகல் எடுத்து அனுப்புவார். பிறகு கேசட் போய் சி.டி. வந்தது, முறை மாறவில்லை. இப்படி அவர் வெளியிட்டவை 400 ஆல்பங்களைத் தாண்டும் என்கிறார்கள். என் கணிப்பில், அவருடைய உண்மையான சாதனை அந்த ஒலியைவிட இந்தக் கிளப்தான். பெட்டிக்குள் கிடக்கிற நாடாவுக்கு உறவினர் தேவைப்படாத ஒரு வழியை அவர் கண்டுபிடித்தார்.

வால்ட்டர் பெஞ்சமின் 1934இல் ‘உற்பத்தியாளனாக ஆசிரியன்’ என்ற உரையில் கேட்ட கேள்வி இந்த இடத்தில் பொருந்துகிறது. ஒரு படைப்பு தன் காலத்து உற்பத்தி உறவுகளைப் பற்றி என்ன கருத்துச் சொல்கிறது என்பதற்கு முன்னால், அது அந்த உறவுகளுக்குள் எங்கே நிற்கிறது என்று பார்க்கச் சொன்னார் அவர். மூரின் பாட்டுகளில் அரசியல் கோஷம் தேடினால் கிடைக்காது. ஆனால் அவை நின்ற இடம் அரசியலானது. ழாக் அத்தாலி 1977இல் வெளியிட்ட ‘இரைச்சல்’ நூலில், தட்டுகள் குவிந்து ஒரே இசை திரும்பத் திரும்ப ஒலிக்கிற காலத்துக்கு அடுத்ததாக, ஒவ்வொருவரும் தம் இன்பத்துக்காகத் தாமே இசைக்கிற ஒரு காலத்தைக் கற்பனை செய்தார். முந்தைய ஆண்டே நாஷ்வில் பக்கத்தில் ஒருவர் அதைச் செய்து 100 தட்டாகப் போட்டிருந்தார்.

அத்தாலியின் கனவு ஒருவகையில் நிறைவேறியும் இருக்கிறது. இன்று படுக்கையறையில் மடிக்கணினியோடு இசைக்கிறவர்களுக்குக் கணக்கில்லை. பதிவு, கலவை, அட்டைப்படம், விளம்பரம் எல்லாம் அவர்களே. ஆனால் பாட்டு போய்ச் சேருகிற வழி ஒருசில பெரிய நிறுவனங்களின் கையில். ஸ்டுடியோ வாத்தியக்காரருக்கு மூன்று மணி நேரத்துக்குக் கூலி இருந்தது. இவர்களுக்கு அதுகூட இல்லை. உற்பத்திச் சாதனம் கைக்கு வந்தது, விநியோகம் கைவிட்டுப் போனது. தன்னந்தனியாக எல்லாவற்றையும் செய்கிற ஆள் சுதந்திரமானவரா, அல்லது எல்லோருடைய வேலையையும் இலவசமாகச் செய்கிற கூலியா என்பது விநியோகத்தைப் பார்த்த பிறகுதான் தெரியும்.

இன்னொன்றையும் சொல்லிவிட வேண்டும். எதையும் தள்ளிவிடாமல் 400 தொகுப்பு வெளியிடுகிறவர், தேர்ந்தெடுக்கிற வேலையைக் கேட்பவரின் தலையில் வைக்கிறார். நான் அவருடைய பிற்காலத் தொகுப்புகளில் கேட்டவற்றில் பொக்கிஷமும் உண்டு, வெறும் குப்பையும் உண்டு. தயாரிப்பாளர் இல்லாமல் போனதில் அதிகாரம் போனது, ஒரு நண்பனின் கத்தரிக்கோலும் போனது. சுயாதீனம் என்ற பெயரில் நம் பக்கங்களிலும் இது நடக்கிறது. திருத்தச் சொன்னால் அதிகாரம் என்கிறோம்.

ஆக, இரைச்சலைக் கொண்டாடுவதும் இரைச்சலைக் கண்டு முகம் சுளிப்பதும் ஒரே சோம்பலின் இரண்டு பக்கங்கள். ஒரு கையெழுத்துப் பிரதியோ ஒரு பதிவோ மங்கலான அச்சோடு நம்மிடம் வந்து சேரும்போது, அது நன்றாக இருக்கிறதா என்று கேட்பதோடு இன்னும் மூன்று கேள்விகளைக் கேட்கப் பழக வேண்டும் என்று நினைக்கிறேன். இந்த மங்கல் தேர்வா, நிலைமையா? இது முடிந்தது என்று தீர்மானித்தது யார்? செய்தவரிடமிருந்து என்னிடம் வந்த வழி யாருக்குச் சொந்தம்? இந்த மூன்றுக்கும் பதில் தெரியாமல் தரத்தைப் பற்றித் தீர்ப்புச் சொல்கிறவர், யாரோ முதல் போட்ட காதால்தான் கேட்டுக்கொண்டிருக்கிறார்.